கடல் அனுப்பும் எண்களை வகுப்பறையில் படிப்பது எப்படி?

2009 ஏப்ரல் 27ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் மஞ்சள் நிறக் கருவி ஒன்றைக் கடலில் இறக்கினார்கள். ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளம், டார்பிடோ போன்ற உடல், இரு பக்கமும் சிறிய இறக்கைகள். உந்தித் தள்ளும் விசிறி கிடையாது. நீரை உள்ளிழுத்து எடை கூடினால் சரிவாகக் கீழே இறங்கும். நீரை வெளியேற்றி எடை குறைந்தால் சரிவாக மேலே ஏறும். இறங்கி ஏறும் அந்தச் சரிவிலேயே முன்னோக்கி நகரும். மேலே வரும்போதெல்லாம் செயற்கைக்கோள் வழியாகத் தன் இருப்பிடத்தையும் அளவீடுகளையும் அனுப்பிவிட்டு, அடுத்து எந்தத் திசை என்ற கட்டளையைப் பெற்றுக்கொண்டு மறுபடி மூழ்கும். 221 நாள் கழித்து, டிசம்பர் 4 அன்று, ஸ்பெயின் கரையோரக் கடலில் அதை மேலே எடுத்தார்கள். நீருக்கடியில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த முதல் ரோபோ கிளைடர் அது. இப்போது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சொந்தம்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய இந்தப் பயணத்தில் வழி தேடும் வேலையில் இளநிலைப் பட்ட மாணவர்களும் பங்கெடுத்தார்கள். செயற்கைக்கோள் வெப்பநிலைப் படங்களையும் நீரோட்ட முன்கணிப்புகளையும் பார்த்து, எந்தச் சுழலின் எந்தப் பக்கமாகப் போனால் நீரோட்டம் கருவியைத் தள்ளிவிடும், எந்தப் பக்கம் போனால் இழுத்துப் பிடிக்கும் என்று ஆராய்வது அவர்கள் பாடமாக இருந்தது. தவறான பக்கம் போனால் மின்கலம் வீணாகும். ஸ்பெயின் எட்டாமல் போகும். முந்தைய ஆண்டு அனுப்பிய கிளைடர் வழியிலேயே தொலைந்திருந்ததால் இது வெறும் அச்சமும் அல்ல.

நிகழ்நேரக் கடல் தரவு கல்விக்கு எதைத் தருகிறது என்று யோசிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பயணம்தான். அந்த மாணவர்களின் கேள்விக்கு விடைத்தாள் யாரிடமும் இல்லை. பேராசிரியருக்கும் விடை தெரியாது. மாணவர் ஒரு கணிப்பைச் சொல்கிறார், கருவி மூழ்குகிறது, சில மணி நேரம் கழித்து எங்கே மேலே வருகிறது என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். திருத்துபவர் ஆசிரியர் அல்ல, கடல். திரையில் வண்ணம் அசைவதும் எண்கள் ஓடுவதும் இதற்கு அடுத்தபடிதான். கணிப்பும் காத்திருப்பும் இல்லாமல் வெறும் திரையைக் காட்டினால், நிகழ்நேரத் தரவும் சுவரில் தொங்கும் படமாகிவிடும்.

"உடனுக்குடன்" என்பதன் விலை

கடலிலிருந்து எண்கள் உடனுக்குடன் வருவது அண்மைக் கால ஏற்பாடு. 1982-83இல் பசிபிக்கில் எழுந்த எல் நினோ, அதாவது நிலநடுக்கோட்டுக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, அதுவரை பதிவானவற்றில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. ஆனால் அது நன்றாக முற்றும் வரை அறிவியலாளர்களுக்கே பிடிபடவில்லை. அந்த ஆண்டு மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து வளிமண்டலத்தில் தூசுப்படலம் பரவியதால், செயற்கைக்கோள்கள் கடல் வெப்பத்தைக் குறைவாகக் காட்டின. நடுக்கடலில் இருந்து உடனுக்குடன் மறுப்புச் சொல்ல மிதவை வரிசையும் இல்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் நிலநடுக்கோட்டுப் பசிபிக்கின் குறுக்கே ஏறத்தாழ 70 நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்தும் வேலை நடந்து, 1994 டிசம்பரில் முடிந்தது. 1997இல் அடுத்த பெரிய எல் நினோ வந்தபோது வெப்பநீர் கிழக்கே நகர்வதை அன்றாடம் இணையத்தில் பார்க்க முடிந்தது. ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருந்தவரும் இணைய இணைப்பு இருந்த பள்ளிச் சிறுவரும் பார்த்தது ஒரே படத்தைத்தான்.

இந்தியப் பெருங்கடலில் நிலைமை வேறாக இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை 6.29க்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. சென்னையை முதல் அலை எட்டியது 9 மணியை ஒட்டி. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. நடுக்கம் நிகழ்ந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 செயற்கைக்கோள் தற்செயலாக அந்தக் கடலுக்கு மேலே கடந்தபோது, ஆழ்கடலில் அரை மீட்டரைத் தாண்டிய அலையைப் பதிவுகூடச் செய்தது. அந்தப் பதிவை எடுத்துப் படிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கரையோரக் கடல்மட்டத்தை அளக்கும் அலைமானிகளின் அளவை உடனுக்குடன் ஓர் இடத்துக்கு அனுப்பி எச்சரிக்கும் ஏற்பாடு நம் கரைகளில் அப்போது இல்லை. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில், அதாவது இன்காய்ஸில், சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது.

அதன் பயன் 2012 ஏப்ரல் 11 அன்று தெரிந்தது. சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, சென்னையில் மக்கள் கட்டடங்களை விட்டு வெளியே ஓடினார்கள். ஆனால் கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் காட்டியது சிறு அலைதான். புவித்தட்டுகள் மேலும் கீழுமாக இடம்பெயராமல் பக்கவாட்டில் உரசியதால் நீர் பெரிதாக உயரவில்லை. எச்சரிக்கை விலக்கப்பட்டது. 2004, 2012 ஆகிய இரண்டு நாட்களின் கடல்மட்டப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இரண்டும் பெரிய நடுக்கம்தான், கடல் ஏன் வேறுவேறாக நடந்துகொண்டது?" என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஒரு மணி நேரம் வாதிடுவார்கள். சென்னை உள்பட உலகெங்கும் உள்ள அலைமானிகளின் அளவுகளை யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்துக்காக பெல்ஜியத்தில் இயங்கும் தளம் எல்லோருக்கும் திறந்தே வைத்திருக்கிறது. கடவுச்சொல் தேவையில்லை, கட்டணமும் இல்லை.

இரண்டு மிதவைகள், இரண்டு கடல்கள்

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் ஆசிரியருக்கு என் பரிந்துரை ஆர்கோ மிதவைகள். இவற்றுக்கு நங்கூரம் கிடையாது. 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்துகொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து மேலே வரும் வழியெல்லாம் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளந்து, மேற்பரப்பை எட்டியதும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மறையும். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய இந்தப் பன்னாட்டுத் திட்டம் 2007 நவம்பரில் 3,000 மிதவைகள் என்ற இலக்கை எட்டியது. இப்போது ஏறத்தாழ 4,000 மிதவைகள் உலகின் கடல்களில் அலைகின்றன. அளவீடுகள் பெரும்பாலும் ஒரே நாளில் பொதுவெளிக்கு வந்துவிடும். இந்தியா இத்திட்டத்தில் பங்காளி. இந்தியப் பெருங்கடலுக்கான ஆர்கோ தரவு மையமும் இன்காய்ஸ்தான்.

பயிற்சி எளிது. வங்கக்கடலின் வடக்கே ஒரு மிதவை, அரபிக்கடலில் ஒரு மிதவை. தரவைத் திறக்கும் முன் மாணவர்கள் தாளில் எழுதிவிட வேண்டும்: எந்தக் கடலின் மேற்பரப்பு உப்பு அதிகம்? ஏன்? 1,000 மீட்டரில் நீர் எவ்வளவு சூடாக இருக்கும்? எழுதாமல் பார்க்கக் கூடாது என்பதில் ஆசிரியர் கண்டிப்பாக இருக்க வேண்டும். பார்த்த பிறகு "இதைத்தான் நானும் நினைத்தேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். எழுதி வைத்தவருக்குத்தான் தன் நினைப்பு எங்கே உடைந்தது என்று தெரியும்.

பிறகு எண்கள் வரும். அரபிக்கடலின் மேற்பரப்பு உப்புத்தன்மை 36ஐ ஒட்டி இருக்கும், அதாவது ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 36 கிராம் உப்பு. மழைக்காலம் முடிந்த வடக்கு வங்கக்கடலில் அது 30க்கும் கீழே போகலாம். ஒரே அகலாங்கு, ஒரே பருவமழை. நடுவில் ஒரு தீபகற்பம் மட்டும். அரபிக்கடலில் ஆவியாவது அதிகம், ஆற்றுநீர் குறைவு. வங்கக்கடலிலோ கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் கொட்டுகின்றன. அந்த நன்னீர் லேசானது. கனமான உப்புநீருக்கு மேலே தனி அடுக்காகப் பரவி நிற்கும். காற்று எவ்வளவு கலக்கினாலும் கீழே உள்ள குளிர்நீர் எளிதில் மேலே வராது. அதனால் மேற்பரப்பு சூடாகவே இருக்கும். அந்தச் சூடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை உருவாகும் புயல்களுக்குத் தீனியாகும். இமயமலையில் பெய்த மழை வங்கக்கடலின் புயலோடு எப்படித் தொடர்புகொள்கிறது என்பதை ஒரு மாணவி உப்புத்தன்மைக் கோட்டிலிருந்து தானே கண்டுபிடிக்க முடியும். நான்கு பாடங்களில் சிதறிக் கிடக்கும் செய்தி இங்கே ஒரே கோட்டில் சேர்ந்துவிடுகிறது.

வெப்பநிலைக் கோடு இன்னொரு ஆச்சரியம். வங்கக்கடலில் மேலே 28, 29 டிகிரி. 200 மீட்டரிலேயே அதில் பாதியை ஒட்டி இறங்கிவிடும். 1,000 மீட்டரில் 6, 7 டிகிரி. 2,000 மீட்டரில் 3 டிகிரி அளவு. வெப்பமண்டலக் கடல் அடி வரைக்கும் வெதுவெதுப்பானது என்று நினைப்பது இயல்பு. மெரினாவில் கால் நனைத்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் சூடான நீர் மேலே ஒரு மெல்லிய படலம் மட்டுமே.

சின்னச் செய்தி ஒன்று: இந்தக் கோட்டுவரைபடத்தில் ஆழம் கீழ்நோக்கி அதிகரிக்கும். கணிதப் பாடத்தில் எல்லா அச்சும் மேல்நோக்கி ஏறக் கற்ற மாணவர்கள் முதலில் இதைத் தலைகீழாகப் படிப்பார்கள். ஐந்து நிமிடம் ஒதுக்கி, அவர்களையே ஒரு மிதவையின் பத்து அளவுகளைத் தாளில் புள்ளி வைத்து வரையச் சொன்னால் சிக்கல் தீர்ந்துவிடும். கையால் ஒரு முறை வரைந்தவருக்குத்தான் கணினி வரைந்த நூறு கோடுகள் பேசும்.

தாங்களே அளந்த சில எண்களிலிருந்து, எங்கோ ஒரு கருவி அளந்த பல்லாயிரம் எண்களுக்கு மாணவர்கள் தாண்டுவது பெரிய தாண்டல் என்பதை அமெரிக்கப் புவியறிவியல் கல்வி ஆய்வாளர் கிம் காஸ்டன்ஸ் நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறார். தானே அளந்த எண்ணுக்குப் பின்னால் வெயிலும் ஈரமும் கை நடுங்கியதும் நினைவில் இருக்கும். இறக்கிய கோப்பில் அவை எதுவும் இருக்காது. ஆகவே கடலோரப் பள்ளி என்றால் ஒரு வாளிக் கடல்நீரில் வெப்பமானி வைத்துத் தொடங்குவதே நல்லது. உள்நாட்டுப் பள்ளி என்றால் கிணற்றின் மேல்நீருக்கும் அடிநீருக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து தொடங்கலாம்.

தெளிந்த வானில் வரும் அலை

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. ஐவரும் இறந்தார்கள். அந்த நாட்களில் தென் தமிழகக் கரைக்கும் கேரளக் கரைக்கும் கள்ளக்கடல், அதாவது தொலைவிலிருந்து வந்து திடீரென்று கரையைத் தாக்கும் பேரலை, பற்றிய எச்சரிக்கையை இன்காய்ஸ் விடுத்திருந்தது. செய்தி இருந்தது, அது என்ன சொல்கிறது என்று கரையில் நின்றவர்களுக்குப் புரியும் நிலை இல்லை. புயல் இல்லை, மழை இல்லை, அந்தக் கரையில் பெருங்காற்றும் இல்லை. கடல் கொந்தளிக்க ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரியாதபோது எச்சரிக்கையை யார் நம்புவார்கள்?

காரணம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் பெரும் புயல்கள் எழுப்பும் அலைகள் வடக்கே பயணப்படும்போது வரிசையாகப் பிரிகின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே அதிக நேரம் எடுக்கும் நீண்ட அலைகள் வேகமாக முந்தி வரும், குறுகியவை பின்தங்கும். ஆழ்கடலில் அலைக்கூட்டத்தின் வேகம், விநாடிக்கு மீட்டர் கணக்கில், அலை இடைவெளி விநாடிகளை 0.78ஆல் பெருக்கினால் கிடைக்கும். 20 விநாடி அலை என்றால் மணிக்கு 56 கிலோமீட்டர். 15 விநாடி அலை என்றால் மணிக்கு 42 கிலோமீட்டர்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் தெரிந்த எவரும் இதை வைத்து ஓர் அருமையான கணக்குப் போடலாம். கரைக்கு அருகே ஒரு மிதவை 20 விநாடி அலை வந்து சேர்ந்ததை முதலில் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மணி நேரம் கழித்து அதே புயலின் 15 விநாடி அலை வருகிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பியிருந்தால், அந்த இடம் எவ்வளவு தூரத்தில் இருக்கும்? ஏறத்தாழ 6,700 கிலோமீட்டர் என்று விடை வரும். கன்னியாகுமரியிலிருந்து அவ்வளவு தூரம் நேர் தெற்கே போனால் தென் அகலாங்கு 52 டிகிரியை ஒட்டிப் போய் நிற்போம். ஓயாத புயல்களின் மண்டலம் அது. முதல் அலை கிளம்பிக் கரை சேர ஐந்து நாள். காற்றையும் அலையையும் உலக உருண்டையில் காட்டும் எர்த் நல்ஸ்கூல் தளத்தில் ஐந்து நாள் பின்னோக்கிப் போய் அந்த இடத்தைப் பார்த்தால், புயல் அங்கே சுழன்றுகொண்டிருக்கும். விடையை உறுதிசெய்வது புத்தகத்தின் கடைசிப் பக்கம் அல்ல, ஐந்து நாளுக்கு முந்தைய வானிலை.

இந்தக் கணக்கை ஒரு முறை தன் கையால் போட்ட மாணவர், தெளிந்த வானத்தின் கீழே கடற்கரையில் நிற்கும்போது எச்சரிக்கைப் பலகையை வேறு கண்ணோடு படிப்பார். கடல் தரவைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதுதான். வேலைவாய்ப்பு, கணினித் திறன், ஆராய்ச்சி ஆர்வம் எல்லாம் நல்லவைதான். ஆனால் தென்கோடிக் கரையில் ஒரு தலைமுறைக்கே அலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருப்பது உயிர் காக்கும் கல்வி. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இதில் பாதியை ஏற்கெனவே அறிந்தவர்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லிப் பேசும் வீட்டிலிருந்து வரும் மாணவனிடம், மிதவை காட்டும் காற்றுத் திசையை எண்ணாக மட்டும் கொடுப்பது அவன் அறிவை வாசலில் நிறுத்திவிட்டு வரச் சொல்வதாகும். "இன்று என்ன காற்று என்று வீட்டில் கேட்டு வா, பிறகு மிதவையோடு ஒப்பிடுவோம்" என்று தொடங்கும் வகுப்பில் அவன்தான் முன்வரிசை.

எண்களும் தவறும்

நிகழ்நேரத் தரவில் பிழை இருக்கும். உணரி மீது பாசியும் கொட்டலசும் படியும். மிதவையின் கயிறு அறுந்து அது இடம் மாறும். அனுப்பும் வழியில் செய்தி சிதையும். நங்கூரமிட்ட மிதவைகளை மீனவர்களின் வலை சிக்கிச் சேதப்படுத்துவதும், கருவிகளை யாரோ கழற்றிச் செல்வதும் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பழைய தலைவலி. அளவு கிடைக்காத இடத்தில் ஆர்கோ கோப்பில் 99999 என்று இருக்கும். அமெரிக்க மிதவைகளின் பழைய பதிவுகளில் 99 அல்லது 999. அதை உண்மை எண்ணாக எடுத்துச் சராசரி போட்டால் கடல் கொதிக்கும். நல்ல அளவுக்கு 1, மோசமான அளவுக்கு 4 என்று ஆர்கோவில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தரக்குறி உண்டு. முதலில் கணினி தானாகச் சோதிக்கும். பல மாதம் கழித்து வல்லுநர் ஒருவர் நிதானமாகப் பார்த்துத் திருத்துவார்.

இதைக் குறையாகக் கருதி, சுத்தம் செய்த தரவை மட்டுமே மாணவருக்குக் கொடுக்க வேண்டும் என்பார் சிலர். தொடக்க வகுப்புகளுக்குச் சரி. மேல்வகுப்புகளுக்கு அது பெரிய இழப்பு என்பேன். 2006இல் வெளியான ஓர் ஆய்வு, 2003க்கும் 2005க்கும் இடையே உலகக் கடல்களின் மேல் 750 மீட்டர் குளிர்ந்துவிட்டது என்று அறிவித்தது. புவி சூடாகும் காலத்தில் கடல் குளிர்ந்தது எப்படி? ஆய்வாளர்களுக்கே திகைப்பு. அவர்களில் ஒருவரான நாசாவின் ஜாஷ் வில்லிஸ் தரவைத் தோண்டியபோது, ஒரு பகுதி ஆர்கோ மிதவைகளில் அளவீடுகள் தவறான ஆழத்துடன் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. கப்பல்களிலிருந்து எறியப்படும் பழைய வகை வெப்பமானிகளோ சற்றுக் கூடுதலாகவே காட்டிவந்தன. அந்தக் காலத்தில்தான் கடல் அளவீடு பழைய கருவியிலிருந்து புதிய கருவிக்கு மாறிக்கொண்டிருந்தது. இரண்டு பிழையும் சேர்ந்து இல்லாத குளிர்ச்சியை உருவாக்கியிருந்தன. 2007இல் அதே ஆய்வாளர்கள் திருத்தம் வெளியிட்டார்கள்.

இந்தச் செய்தியை மாணவர்களிடம் சொல்லும்போது, "பார், விஞ்ஞானிகளும் தவறுவார்கள்" என்று நிறுத்திவிடக் கூடாது. தவறு வெளியே வந்தது எப்படி என்பதில்தான் பாடம் இருக்கிறது. கடல்மட்டத்தை அளக்கும் செயற்கைக்கோள் ஒரு பக்கம், கடல்நீரின் வெப்பத்தை அளக்கும் மிதவை ஒரு பக்கம், பனி உருகுவதால் கூடும் நீர் ஒரு பக்கம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், பொருந்தவில்லை. எந்த எண்ணையும் தனியே நம்பாதே, அதற்குத் தொடர்பில்லாத இன்னொரு வழியில் அளந்ததோடு ஒப்பிடு என்ற பழக்கம் இங்கே பிறக்கிறது. ஒரு மிதவை திடீரென்று 45 டிகிரி காட்டினால், பக்கத்து மிதவையைப் பார், செயற்கைக்கோள் படத்தைப் பார், அதே மிதவையின் நேற்றைய எண்ணைப் பார். வாட்ஸ்ஆப்பில் வரும் செய்தியைச் சோதிக்கவும் இதே பழக்கம்தான் வேண்டும்.

படங்களிலும் கவனம் வேண்டும். கடல் வெப்பநிலைப் படங்கள் பலவற்றில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானவில் வரிசை பூசியிருப்பார்கள். மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும் இடத்தில் கண் பெரிய எல்லையைக் காணும். அங்கே அரை டிகிரி வேறுபாடுதான் இருக்கும். பச்சைக்குள்ளேயே இரண்டு டிகிரி மாறியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரே நாளின் படத்தை இரண்டு வண்ண அளவுகோல்களில் காட்டி ஒப்பிடச் சொல்வது பத்து நிமிட வேலை. அதன் பிறகு மாணவர்கள் எந்தப் படத்திலும் முதலில் அளவுகோலைத்தான் தேடுவார்கள்.

காணொளிக்கு எண்ணைவிடக் கவர்ச்சி அதிகம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2013 ஜனவரியில், கனடாவின் வான்கூவர் தீவுக்கு அப்பால் 894 மீட்டர் ஆழத்தில் ஓஷன் நெட்வொர்க்ஸ் கனடா வைத்திருக்கும் கேமராவின் காட்சியை உக்ரைனின் தொனெத்ஸ்க் நகரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுவன், விலாங்கு போன்ற ஒரு மீனை ஏதோ ஒரு பெரிய விலங்கு உறிஞ்சி விழுங்குவதைக் கண்டு ஆய்வாளர்களுக்கு எழுதினான். அது யானைச்சீல் என்று அவர்கள் உறுதிசெய்தார்கள். அவ்வளவு ஆழத்தில் அது இரை பிடிப்பதை அவர்களும் அப்படிப் பார்த்ததில்லை. ஆழ்கடலின் கதவைப் பூட்டாமல் விட்டதால் கிடைத்தது அது.

நம் பள்ளிகளில்

தமிழ்நாட்டு அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் வந்துவிட்டன. தரவு இலவசம். இடையே என்ன குறை? தளங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், அதுவும் ஆய்வாளர்களுக்கான ஆங்கிலத்தில் இருக்கின்றன. நேரம் முழுவதும் கிரீனிச் கணக்கில் இருக்கும். ஐந்தரை மணி கூட்டாமல் படித்தால், சென்னையில் நண்பகல் ஏறிய ஓதம் விடியற்காலையில் ஏறியதாகத் தோன்றும். கோப்பு வடிவங்கள் மிரட்டும். இன்காய்ஸும் பயன்படுத்தும் எர்டாப் என்ற மென்பொருள் எந்தத் தரவையும் சாதாரண அட்டவணையாக இறக்கித் தரும் என்பது தெரிந்தால் பாதி மிரட்சி போய்விடும். ஆனால் அதைத் தமிழில் சொல்லித்தர ஆள் இல்லை.

ரட்கர்ஸ் குழு செய்த பணி இங்கே வழிகாட்டும். அமெரிக்கக் கடல் கண்காணிப்புத் திட்டத்தின் கடல்போன்ற தரவுக் குவியலை அவர்கள் அப்படியே வகுப்புக்குத் தள்ளிவிடவில்லை. கல்லூரி ஆசிரியர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, ஒரு கேள்வி, அதற்கு வேண்டிய ஒரு சிறு துண்டுத் தரவு, அதை நகர்த்திப் பார்க்க ஓர் எளிய வரைபடம் என்று இணையப் பயிற்சிகளாக வெட்டிக் கொடுத்தார்கள். நமக்கும் வேண்டியது இன்னொரு பெரிய தளம் அல்ல. வங்கக்கடலையும் மன்னார் வளைகுடாவையும் குமரிக்கடலையும் பற்றி, தமிழில், பத்துப் பன்னிரண்டு பயிற்சிகள். கடலியலாளர் ஒருவரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நால்வரும் ஒரு கோடை விடுமுறையில் முடிக்கக்கூடிய வேலை.

அப்படி எழுதுபவர்கள் பள்ளி நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கத் தொடங்கியிருக்கும். மே மாதத்தில் 30 டிகிரியைத் தொட்ட மேற்பரப்பு வாரம் வாரமாகக் குளிர்வதையும், சோமாலியாக் கரையோரம் ஆழ்நீர் மேலே எழுந்து 20 டிகிரியை ஒட்டி இறங்குவதையும் மாணவர்கள் நேரடியாகத் தொடரலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலின் முறை. நம் கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் தெற்கு நோக்கித் திரும்பியிருக்கும். கோடை தொடங்கும் முன் அதுவே வடக்கு நோக்கி ஓடும். பாடநூல் படத்தில் ஒரே அம்பாக வரையப்படும் நீரோட்டம் ஆண்டுக்கு இரு முறை திசை மாறுவதை அவர்கள் தங்கள் கணிப்போடு ஒப்பிடலாம். புயல் உருவானால் அது கடந்த பாதையில் மேற்பரப்பு எவ்வளவு குளிர்ந்தது என்றும் அளக்கலாம்.

கள்ளக்கடல் மட்டும் இந்த நாட்காட்டிக்குள் அடங்காது. அது பெரும்பாலும் கரையைத் தாக்குவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது தேர்வு அல்லது விடுமுறை. ஆகவே அந்தப் பாடத்தை ஜனவரி அல்லது பிப்ரவரியில், 2024 மே முதல் வாரத்தின் சேமித்த பதிவைக் கொண்டு, நாளுக்கு நாள் ஓட்டிக் காட்டி நடத்த வேண்டும்: இன்று மே 1, தென்கடலில் இது நிலைமை, குமரிக் கரைக்கு எப்போது என்ன வரும் என்று கணித்து எழுது, நாளைக்கு மே 2ஐத் திறப்போம். பழைய தரவாக இருந்தாலும் திறக்கும் வரை மாணவருக்கு அது நிகழ்நேரம்தான். அந்த வகுப்பு முடிந்து மூன்று மாதத்துக்குள் விடுமுறை வரும்; அவர்கள் கடற்கரைக்குப் போவார்கள்.